விமானி நேற்று எங்கே தூங்கினார்?

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரனைப் பார்க்கக் கிளம்புகிறீர்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, கால் வீங்காமல் இருக்க இறுக்கமான சாக்ஸ்... எல்லாம் பையில் ஏறியாச்சு. நெவார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கி, இன்னொரு சின்ன விமானம் பிடித்து பிள்ளை இருக்கும் ஊருக்குப் போகணும். அந்த விமானத்தில் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதுவரை விசாரித்துவிடுகிறோம். அதை ஓட்டப் போகிற மனிதர் நேற்று ராத்திரி எங்கே படுத்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்கிறோமா?

கேட்க வேண்டிய கேள்விதான் என்பது என் கட்சி.

"விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருக்கும், தூங்கி எழுந்து வந்திருப்பார்" என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் விஷயமே வேறு. ஒரு விமானி ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் குடியிருப்பார். அவருடைய வேலை தொடங்கும் ஊர் நெவார்க். நடுவே ஏறத்தாழ 1,000 மைல்! அரக்கோணத்திலிருந்து சீசன் டிக்கெட்டில் சென்னைக்கு ஆபீஸ் வருகிறவர்கள் மாதிரி, இவர்கள் விமானம் ஏறி வேலைக்கு வருகிறார்கள்.

வேலை தொடங்கும் ஊரை அவர்கள் 'பேஸ்' என்கிறார்கள். எந்த பேஸ், எந்த விமானம், எந்த நாள் லீவு... எல்லாமே சீனியாரிட்டிப்படி. புதிதாகச் சேர்ந்தவருக்கு மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய ஊர்தான் கிடைக்கும். சரி, அங்கேயே வீடு பார்த்துக் குடியேறலாமே என்றால், அடுத்த வருஷம் கம்பெனி அந்த பேஸையே மூடிவிடலாம். மனைவிக்கு இந்த ஊரில் வேலை, குழந்தைக்கு இந்த ஊரில் பள்ளிக்கூடம், வயசான அம்மா அப்பா இந்த ஊரில். யார்தான் வருஷத்துக்கு ஒரு தடவை சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்? நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்து வீட்டு வாடகையைக் கேட்டால் மயக்கமே வரும். இன்னொரு கணக்கும் உண்டு. ஃபுளோரிடா, டெக்ஸாஸ் மாநிலங்களில் மாநில வருமான வரி கிடையாது. பல மாநிலங்களின் மேல் பறந்து சம்பாதிக்கிற விமானிக்குப் பெரும்பாலும் குடியிருக்கிற மாநிலத்தின் வரிச் சட்டம்தான் பொருந்தும். அங்கே வீடு வாங்கியவரைக் குறை சொல்ல முடியுமா?

வேலைக்கு வருவதற்கு அவர்கள் டிக்கெட் வாங்குவதில்லை. காலி இடம் இருந்தால் உட்காரலாம். இல்லாவிட்டால் காக்பிட்டுக்குள் இருக்கிற 'ஜம்ப் சீட்' என்ற உபரி இருக்கை. அதுவும் போய்விட்டால் அடுத்த விமானம். பண்டிகை நாளில், பனி கொட்டுகிற நாளில், எத்தனை விமானம் நிரம்பிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் காலையில் டூட்டி என்றால் முந்தின நாளே புறப்பட்டாக வேண்டும். ராத்திரி தங்க இடம் வேண்டுமே! அதற்காகவே 'க்ராஷ் பேட்' என்று ஒன்று இருக்கிறது. பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு, அடுக்குக் கட்டில்கள், ஒருவர் எழுந்து போனால் அதே கட்டிலில் இன்னொருவர். நம்ம ஊர் மேன்ஷன் தேவலாம். நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் என்ற பகுதியில் விமான ஊழியர்கள் இப்படி நிறைந்து கிடப்பதால், அதற்கு 'க்ரூ கார்டன்ஸ்' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது! லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் வண்டி வீடுகளை நிறுத்தி விமானிகளும் மெக்கானிக்குகளும் குடித்தனம் நடத்திய கதை 2009-ல் பத்திரிகையிலேயே வந்தது.

வேடிக்கை போதும். அதே 2009-ல் நடந்ததைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 12. ராத்திரி. நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்கு கோல்கன் ஏர் கம்பெனியின் சிறிய விமானம் கிளம்பியது. ஒரு மணி நேரப் பயணம்தான். இறங்கப் போகும் நேரத்தில், 10 மணி 17 நிமிடத்துக்கு, ஊருக்கு வெளியே ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டுக்குள் இருந்த ஒருவரும், ஆக 50 பேர் போய்விட்டார்கள்.

வேகம் குறைந்துவிட்டது என்று விமானம் எச்சரித்தபோது, கேப்டன் மூக்கைக் கீழே இறக்குவதற்குப் பதிலாக மேலே இழுத்துவிட்டார். அதுதான் நேரடிக் காரணம் என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-ல் சொன்னது. ஆனால் அந்த விசாரணையில் வெளிவந்த மற்ற விவரங்கள் இருக்கின்றனவே, அவைதான் என் மனசை விட்டு இன்னும் போகவில்லை.

கேப்டன் டாம்பா பக்கத்துக்காரர். நெவார்க்கில் அவருக்குத் தங்க அறை கிடையாது. முந்தின ராத்திரியை விமான நிலையத்தில் இருந்த ஊழியர் அறையில்தான் கழித்தார். விடியற்காலை 3 மணி 10 நிமிடத்துக்கு கம்பெனி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் நன்றாகத் தூங்குகிற மனுஷன் கம்ப்யூட்டர் பார்ப்பானா?

துணை விமானி 24 வயதுப் பெண். சியாட்டில் பக்கம் அம்மா அப்பா வீட்டில் இருந்தார். நாட்டின் மேற்குக் கோடி அது. பேஸ் கிழக்குக் கோடி. முந்தின நாள் சாயங்காலம் புறப்பட்டு, சரக்கு விமானத்தில் ஏறி மெம்ஃபிஸ், அங்கே நடுராத்திரி மாறி இன்னொரு சரக்கு விமானம், காலை ஆறரை மணி வாக்கில் நெவார்க். அவர் உடம்புக்கு அது மூன்றரை மணி. இரண்டு ஊருக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். பிறகு அதே ஊழியர் அறையில் கொஞ்சம் ஓய்வு. அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம் வேறு. காக்பிட் ஒலிப்பதிவில் தும்மல் கேட்கிறது. 'வீட்டில் இருந்தபோதே இப்படி இருந்திருந்தால் வந்தே இருக்க மாட்டேன், இப்போது உடம்பு சரியில்லை என்று சொன்னால் சரியாகும்வரை சொந்தக் காசில் ஓட்டலில் தங்கணும்' என்கிற அர்த்தத்தில் அவர் கேப்டனிடம் பேசியதும் அதில் பதிவாகியிருக்கிறது. கம்பெனியின் நெவார்க் விமானிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படி வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் என்பதும் விசாரணையில் தெரிந்தது.

இரண்டு பேருக்கும் களைப்பு இருந்திருக்கும், ஆனால் விபத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றது வாரியம். அதன் அப்போதைய தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் மட்டும், களைப்பையும் காரணங்களில் ஒன்றாக எழுதத்தான் வேண்டும் என்று தனியாகக் குறிப்பு வைத்தார். என் ஓட்டு அந்த அம்மாவுக்குத்தான்.

தூக்கமின்மை என்றால் கண் சொருகுவது மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு முன்னாலேயே மூளை மந்தமாகிவிடும். 1997-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிப்பதே 0.03 சதவீதம்தான்! இதில் ஒரு மோசம் என்னவென்றால், குடித்தவருக்காவது குடித்தது தெரியும். தூக்கம் கெட்டவர் "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பார். நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வருகிற உங்கள் வீட்டுப் பிள்ளையும் இதையேதான் சொல்வான். கேட்டுப் பாருங்கள்.

இறந்தவர்களின் குடும்பத்தார் சும்மா விடவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து 2010-ல் ஒரு சட்டமே கொண்டுவர வைத்தார்கள். 2014 ஜனவரியில் அமலுக்கு வந்த விதிப்படி, பயணிகள் விமானம் ஓட்டுகிறவருக்கு டூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறு இல்லாமல் தூங்க வாய்ப்பு. 'நான் தகுதியாக இருக்கிறேன்' என்று ஒவ்வொரு முறையும் விமானி கையெழுத்துப் போடணும். நல்லதுதான். ஆனால் அந்த ஓய்வு நேரத்துக்குள்தான் வீட்டிலிருந்து வருகிற பயணமும் அடங்குகிறது. ஆயிரம் மைல் பறந்து வருவதும் கணக்கில் ஓய்வுதான்! கேட்டால் சிரிப்பு வரவில்லையா?

"அவர் எங்கே குடியிருப்பது என்பது அவர் இஷ்டம், தூங்கி வரவேண்டியது அவர் பொறுப்பு" என்று கம்பெனிகள் சொல்லும். பாதி நியாயம். கம்பெனி பேஸை மூடுவதும் மாற்றுவதும் மட்டும் யார் இஷ்டம்? விபத்து நடந்த காலத்தில் அந்தத் துணை விமானிக்கு வருஷச் சம்பளம் 16,000 டாலர் அளவில்தான் என்று விசாரணையில் பேச்சு வந்தது. நியூயார்க் பக்கத்தில் அந்தச் சம்பளத்தில் என்ன வீடு கிடைக்கும்? 2022-க்குப் பிறகு விமானிகளுக்குப் பஞ்சம் வந்து சின்னக் கம்பெனிகளிலும் சம்பளம் நன்றாக உயர்ந்துவிட்டது, உண்மை. தூரத்திலிருந்து வருகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

இன்னொரு பக்கம், "பேஸிலிருந்து இத்தனை மைலுக்குள்தான் குடியிருக்கணும் என்று சட்டம் போடு" என்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நியூயார்க் ஊருக்குள்ளேயே இருந்து இரண்டு மணி நேரம் டிராஃபிக்கில் திணறி வருகிறவரைவிட, முந்தின நாள் மத்தியானமே விமானத்தில் வந்து எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர் தெளிவாக இருப்பார். அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு 2011-ல் இதை ஆராய்ந்து, மைல் கணக்கு வைத்துச் சட்டம் போட ஆதாரம் போதாது என்றே சொன்னது. டூட்டிக்கு முன் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம், டூட்டி முடியும்போது விழித்திருந்தது சுமார் 16 மணி நேரத்துக்கு மேல் போகாமல் திட்டமிடுவது: இதுதான் விமானிகளுக்கு அவர்கள் சொன்ன வழி. மைலை விடுங்கள், தூக்கத்தை எண்ணுங்கள் என்கிறேன் நானும்.

எண்ணினால் மட்டும் போதாது, தூங்க இடம் வேண்டாமா? கம்பெனி விமானி அடுத்த ஊரில் ராத்திரி தங்கினால் ஓட்டல் செலவு கம்பெனியுடையது. அதே விமானி டூட்டிக்கு முதல் நாள் பேஸுக்கு வந்து தங்கினால் பெரும்பாலும் அவர் கைக்காசு. முதல் நாள் ராத்திரி மட்டும் தூக்கம் வேறு ரகமா என்ன? அடுத்தது, காய்ச்சல் வந்தால் லீவு சொல்வது. டாக்டர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்: மூக்கடைப்போடு பறந்தால் காது அடைக்கும், வலிக்கும். ஜலதோஷ மாத்திரை போட்டாலோ சிலதில் தூக்கம் தள்ளும். ஆக, ஜலதோஷம் பிடித்த விமானி மாத்திரை போட்டாலும் கஷ்டம், போடாவிட்டாலும் கஷ்டம். அவர் லீவு சொல்லித்தான் ஆகணும். அதைச் சொல்ல விடாமல் தடுப்பது ஒரு ஓட்டல் பில் என்றால், அந்த பில்லைக் கம்பெனி கட்டட்டுமே! டிக்கெட்டில் நம்மிடம் எத்தனையோ கட்டணம் பிடிக்கிறார்கள், பெட்டிக்கு ஒன்று, ஜன்னல் சீட்டுக்கு ஒன்று. இதற்கும் ஒன்று பிடிக்கட்டும், நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன்.

கோல்கன் ஏர் 2012-ல் மூடப்பட்டுவிட்டது. மற்ற கம்பெனிகள் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. ராத்திரி முழுக்கச் சரக்கு விமானத்தில் வந்து, தும்மிக்கொண்டே காலை ஆறரை மணிக்கு இறங்குகிற ஒரு பெண்ணிடம் அறைச் சாவியைக் கொடுத்து, "போய்ப் படும்மா, இன்னிக்கு வேற ஆளை அனுப்பிக்கறோம்" என்று சொல்ல, ஒவ்வொரு பேஸிலும் ஒரு ஆள் இருக்கணும். நான் கேட்பது அவ்வளவுதான்.