மலிவு விலையும் மரியாதையான சம்பளமும்



துர்கா பூஜை நெருங்குகிறது. கொல்கத்தாவின் பாலிகஞ்சில் கரியாஹாட் நாற்சந்தியைச் சுற்றி மாலை நேரத்தில் கால் வைக்க இடமில்லை. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு, ராஷ்பிகாரி அவென்யூ வழியாக அப்படியே புடவை எடுக்க வருகிற நம் தமிழர்களையும் அந்தக் கூட்டத்தில் பார்க்கலாம். எந்தக் கடையில் விலை குறைவு என்று எல்லோரும் விசாரிக்கிறோம். அந்தக் கடையில் வேலை செய்பவருக்கு என்ன சம்பளம் என்று விசாரிக்கும் வழக்கம் நமக்கு இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

கரியாஹாட்டின் பழைய புடவைக் கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்துகொண்டு புடவையைப் பிரித்துக் காட்டுவார்கள். ஒரு டாங்காயில் புடவை கேட்டால் பத்தைப் பிரிப்பார் அந்த ஊழியர். நமக்கு எதுவும் பிடிக்காமல் எழுந்து போனாலும் முகம் சுளிக்காமல், ஒவ்வொன்றையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குவார். கரை எது, முந்தானை எது, எதைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாம் கொடுக்கும் விலையில் அந்த அறிவுக்கும் பொறுமைக்கும் ஒரு பங்கு உண்டு. அது அவர் கைக்குப் போய்ச் சேருகிறதா?

விலையைக் குறைத்தால் சம்பளத்தையும் குறைத்துத்தானே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதற்கு உறுப்பினர் அட்டை வைத்து நடக்கும் கிடங்குக் கடைகள் சாட்சி. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போனவர்களுக்குக் காஸ்ட்கோ நன்றாகத் தெரியும். திரும்பி வரும்போது பெட்டியில் பாதாம் பாக்கெட் கொண்டுவராதவர்கள் குறைவு. 1983-இல் சியாட்டிலில் தொடங்கிய கடை அது. உள்ளே நுழையவே ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அடிப்படைக் கட்டணம் 65 டாலர். அதற்கு ஈடாகக் கடை ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிறது: கொள்முதல் விலைமேல் சுமார் 14 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை, சொந்தப் பெயரில் விற்கும் சரக்கானால் 15 சதவீதம். லாபத்தில் பெரும்பங்கு உறுப்பினர் கட்டணத்திலிருந்தே வந்துவிடுகிறது.

சரக்கு லாரியிலிருந்து இறங்கிய மரப்பலகையோடு அப்படியே கடைக்குள் போகிறது. ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கும் வேலை மிச்சம். மொத்தமே சுமார் 4,000 வகைப் பொருள்கள்தான். இப்படி மிச்சமாகும் பணத்தில் ஊழியருக்கும் பங்கு கிடைக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. காஸ்ட்கோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களின் உச்சக் கூலி 2025-இல் 30 டாலரைத் தாண்டியது. சம்பளம் நன்றாக இருப்பதால் ஆட்கள் அவ்வளவாக விட்டுப் போவதில்லை. புதியவர்களைப் பழக்கும் செலவு குறைகிறது, வேலையும் சுத்தமாக நடக்கிறது. இதெல்லாம் முதலாளியின் தயவால் மட்டும் வந்ததும் இல்லை. அதே 2025-இன் தொடக்கத்தில் அங்குள்ள டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகி, பேசித்தான் ஒப்பந்தம் கண்டது.

நம் கொல்கத்தாவிலும் இந்த அட்டைக் கடையின் ஒரு வடிவம் வந்தது. ஜெர்மனியின் மெட்ரோ நிறுவனம் 2008-இல் ஈஎம் பைபாஸில் மொத்த விற்பனைக் கடை திறந்தது. கடைக்காரர், மெஸ் நடத்துபவர், கேட்டரிங்காரர் என்று வியாபாரிகளுக்குத்தான் அப்போது அங்கே அட்டை கொடுத்தார்கள், வீட்டுக்கு வாங்குபவருக்கு இல்லை. சிறுவியாபாரம் அழியும் என்று ஃபார்வர்டு பிளாக் கட்சி கடுமையாக எதிர்த்தது. 2012-இல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது, மத்திய அரசுக்குக் கொடுத்த ஆதரவையே திரிணமூல் காங்கிரஸ் விலக்கிக்கொண்டது. கடைசியில் மெட்ரோவின் இந்தியக் கடைகளை 2023-இல் ரிலையன்ஸ் 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இந்த வாக்குவாதங்களில் கடை யாருடையது என்ற பேச்சே ஓங்கி ஒலித்தது. கடைக்குள் நிற்பவரின் கூலி பின்னால் தள்ளப்பட்டது.

அப்படிக் கடைக்குள் நிற்பவரின் வலியைத் தமிழர்களுக்கு 2010-இல் திரையில் காட்டியவர் இயக்குநர் வசந்தபாலன். அவருடைய ‘அங்காடித் தெரு’ படம் வந்த பிறகுதான், சென்னை தி.நகர் ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பிள்ளைகளை நம்மில் பலர் நிமிர்ந்து பார்த்தோம். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 2021-இல். கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது. ஒரு நாற்காலிக்குக்கூடச் சட்டம் வேண்டியிருந்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

உறுப்பினராகச் சேர்ந்து மலிவாக வாங்குவது நமக்குப் புதிதும் அல்ல. 1904-இல் சென்னை திருவல்லிக்கேணியில் சீனிவாச சாஸ்திரி போன்றோர் முன்னின்று நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 1844-இல் நெசவாளர்கள் காட்டிய வழி அது. பங்கு எடுத்தவரே வாடிக்கையாளர், அவரே முதலாளி. சரியான எடை, நியாயமான விலை, மிஞ்சும் லாபம் வாங்கியவர்களுக்கே. காஸ்ட்கோவுக்கு எண்பது ஆண்டு முன்னால், பெரிய முதலீடு இல்லாத நடுத்தரக் குடும்பத்தினர் நடத்திக் காட்டியது இது.

மலிவு என்றதும் மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பேர் இருக்கும் பாலிகஞ்ச் ஃபிளாட்டில் பதினைந்து லிட்டர் எண்ணெய் டின் எதற்கு? காறிப்போகும் எண்ணெய் எந்த விலைக்கு வாங்கினாலும் நஷ்டம்தான். நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் அது லாபம்.

ஊழியர் விஷயத்தில் நாம் கேட்க வேண்டியவை எளியவை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈஎஸ்ஐ காப்பீடு உண்டு. அதில் முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பிஎஃப் என்னும் வருங்கால வைப்பு நிதியும் உண்டு. மேற்கு வங்கத்தின் 1963-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு தந்தது. பூஜைக்கு முன் போனஸ் கொடுப்பது இந்த ஊரின் நல்ல வழக்கம்.

இந்த முறை புடவைக்குப் பணம் கட்டும்போது, கல்லாவில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “உங்க ஆட்களுக்குப் பூஜை போனஸ் கொடுத்தாச்சா?” வாடிக்கையாளர் பத்துப் பேர் கேட்டால் எந்தக் கடைக்காரரும் காதில் போட்டுக்கொள்வார். ஊழியரை நன்றாக வைத்திருக்கும் கடை உங்களுக்குத் தெரிந்தால் அங்கேயே தொடர்ந்து வாங்குங்கள், நாலு பேருக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்