கல்லில் அமைந்த அணி

வடநாடு சென்று முகலாயர் கட்டடங்களைக் கண்டு மீள்வோர் சிலர், ஆங்குள்ள கற்செதுக்கின் நுண்மை நம் கோயில்களில் இல்லை என்பர். கல்லின் இயல்பையும் அணி அமைந்த இடத்தையும் நோக்காது கூறும் கூற்று இது.

ஷாஜகான் 1632-இல் கட்டத் தொடங்கிய தாஜ்மகால் வெண்சலவைக் கல்லால் ஆயது. உளிக்கு எளிதில் இசையும் கல் அது. கல்லறை மாளிகையாதலின் உயிர்களின் உருவங்களை விலக்கி, மலர்ச்செடிகளையே சுவரின் அடிப்பகுதியில் செதுக்கினர். இதழின் மடிப்பும் காம்பின் வளைவும் சிறிதே புடைத்து நிற்கும். தோட்டங்களில் அவர்கள் கையாண்ட முறை இன்னும் வியப்புடையது. மேல்தளத்து நீர் கீழ்த்தளத்திற்கு இழியுமிடத்தில் சாய்ந்த கற்பலகை ஒன்றை அமைத்து, அதன்மேல் வரிவரியாகச் செதுக்கினர். நீர் அவ்வரிகளில் மோதி நுரைத்து, வெயிலில் மின்னி இறங்கும். நீரையே அணியாக்கிய அறிவு அது!

சிராப்பள்ளிக் குன்றோ கடிய பாறை. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவருமப் பல்லவன் அதனைக் குடைந்து கோயில் செய்வித்தான். கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் பேருருவம் அங்குள்ளது. அத்தகைய பாறையில் இதழின் மென்மையைத் தேடுதல் முறையன்று. உருவத்தின் பெருமிதமே அதற்குரிய அழகு. எனினும், கருங்கல்லில் நுண்மை இயலாது என்பதற்கும் இடமில்லை. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளையும், ஈட்டி ஏந்திய வீரரையும் காண்க. குதிரையின் சேணத்தில் தொங்கும் அணிகலன்கள்கூடத் தெளிவுறத் தெரியும். வேணுகோபாலன் சந்நிதியின் புறச்சுவரில் வீணை வாசிப்பவளும் கிளி ஏந்தியவளும் உளர். அவர்களுடைய விரல்களையும் நகைகளையும் கண்டவர், நம் கோயில்களில் நுண்மை இல்லை என்று கூறத் துணியார்.

குறை சிற்பியிடம் இல்லை. பின்வந்த நம்மிடமே உள்ளது. செதுக்கிய அணிக்கு உயிர் தருவது நிழல். விழாத்தோறும் சுண்ணாம்பு பூசப்பூச, உளி சென்ற பள்ளங்கள் தூர்ந்து நிழல் மறைகின்றது. அதனைப் போக்க மணலை விசையுடன் பீச்சினால், பூச்சோடு விரல்நுனியும் புருவக்கோடும் உதிர்ந்துபோகும். பூச்சினும் கொடிது இம்மருத்துவம். பொறுமையுடன் செய்தால் நன்கு செய்யலாம் என்பதற்குத் திருவரங்கமே சான்று. அங்கு நடந்த திருப்பணிக்கு யுனெஸ்கோ நிறுவனம் 2017-இல் விருது வழங்கியது.

வெயில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ இச்சிற்பங்களைச் சென்று காணல் வேண்டும். உச்சிவேளையில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஆக்ராவைப் புகழ்வோர் பலர்.