கோச்சிக் கதிரையில் நாலு இரவு

எங்கட ஊரில் பழைய ஆக்கள் ரயில் என்று சொல்லமாட்டார்கள். கோச்சி என்றுதான் சொல்வார்கள். 'கோச்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்பிடியே எடுத்து ஒரு இகரத்தை ஒட்டிவிட்டது யாழ்ப்பாணம். அந்தக் கோச்சியில் நான் கடைசியாகப் போனது சின்னப் பெடியனாக, அப்பாவோடு, மூன்றாம் வகுப்பில். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோனது. மறுபடி அது யாழ்ப்பாணம் வர 2014 ஒக்ரோபர் ஆகிவிட்டது. அதற்குள் நான் கனடாவில் தலை நரைத்துப் போனேன்.

இதை இப்ப எழுதக் காரணம், போன கிழமை ஒரு நண்பர் எடுத்துக் கேட்ட கேள்வி. "மச்சான், அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவிலயிருந்து வன்கூவருக்கு ரயில்ல போகப்போறன். படுக்கைப் பெட்டி சரியான விலை. கதிரையில இருந்தே போகலாம்தானே? எங்கட சனம் பாக்காத கஷ்டமே?"

கடைசி வசனத்தைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஏனென்றால் 2018 இல் நானும் இதே வசனத்தைச் சொல்லித்தான் அம்மாவை ஏற்றினேன்.

அந்த வருசம் வன்கூவரில் இருந்த சித்தப்பா மோசம் போய்விட்டார். அம்மாவுக்குக் காதில் ஒப்பரேசன் செய்து கொஞ்ச நாள்தான். பிளேனில் ஏறவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். செத்தவீட்டுக்குப் போகமுடியவில்லை. "அந்திரட்டிக்காவது தங்கச்சிக்குப் பக்கத்தில இருக்கவேணும்" என்று அம்மா பிடிவாதம். காரில் போவதென்றால் நான் ஒருத்தன்தான் ஓட்டவேணும். மிஞ்சியது 'கனடியன்' என்கிற ரயில். ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு 4466 கிலோமீற்றர், நாலு இரவு. கிழமைக்கு இரண்டு தரம்தான் புறப்படும். படுக்கை அறையின் விலையைக் கணினியில் பார்த்தேன், அந்த யன்னலை மெல்லமாகச் சாத்தினேன். கதிரைக்கு இரண்டு ரிக்கற் போட்டேன்.

உண்மையைச் சொன்னால் கதிரை மோசமில்லை. 1950களில் செய்த துருப்பிடிக்காத உருக்குப் பெட்டிகள். பிளேன் கதிரையைவிட அகலம், பின்னால் நல்லாகச் சரியும், காலை நீட்ட இடம் இருக்கும். மேலே கண்ணாடிக் கூரை போட்ட பெட்டி ஒன்று உண்டு, கதிரைக்காரரும் அதில் போய் இருக்கலாம். முதல் நாள் பின்னேரம் அம்மாவைப் படியேற்றி அங்கே இருத்தினேன். இரண்டு பக்கமும் பாறை, குளம், ஊசியிலை மரம். திரும்பவும் பாறை, குளம், மரம். ஒன்ராறியோ மாகாணம் முடிய ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், நம்புங்கள். "இவ்வளவு காணியையும் சும்மா விட்டிருக்கிறாங்கள்" என்று அம்மா கவலைப்பட்டா.

சாப்பாட்டில் நாங்கள் கெட்டிக்காரர். புட்டு இரண்டாம் நாளே புளிக்கும், இடியப்பம் காய்ந்துபோகும் என்பதால் முதல் நாளுக்கு மட்டும் அவற்றைக் கட்டினா. பிறகு ரொட்டியும் கட்டைச் சம்பலும். பயித்தம் பணியாரம், தட்டை வடை, முறுக்கு எல்லாம் வன்கூவர் வரை தாங்கியது, சித்தி வீட்டிலும் மிச்சம் இருந்தது. கருவாட்டுப் பொரியல் ஒன்றையும் அம்மா ஒளித்து வைத்திருந்தா. அதை நான் வீட்டிலேயே பறிமுதல் செய்துவிட்டேன். நாலு நாள் ஒரே காற்றைச் சுவாசிக்கும் சனத்துக்கு அது செய்யக்கூடாத வேலை.

பிழைத்தது தண்ணியில்.

இரண்டாம் நாள் விடியப்புறம் எழும்பின அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு அப்பிடியே மற்றப் பக்கம் சாய்ந்துவிட்டா. முகம் வெளிறிப்போச்சு, உதடு வெடிச்சுக் கிடந்தது. இரண்டு காலும் மேஸின் வார் பதிந்து பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. அடுத்த நிலையம் எங்கே என்றே எனக்குத் தெரியாது. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. காட்டுக்குள் நிற்கிறோம். என் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.

இரண்டு வரிசை தள்ளி ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தா, தாதியாக வேலை செய்பவ. அவ வந்து காலை அமத்திப் பார்த்தா, கெண்டைக்காலில் நோகுதா, மூச்சு முட்டுதா என்று கேட்டா. இரண்டு காலும் ஒரே அளவு வீக்கம், நோ இல்லை, மூச்சும் சீர். "கடைசியாக எப்ப தண்ணி குடிச்சவ?" என்று என்னைக் கேட்டா. எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டேன். முதல் நாள் காலமை யூனியன் ஸ்ரேசனில் குடித்த தேத்தண்ணிதானாம்.

"ஏனம்மா?"

"குடிச்சா அங்கால போகவேணும். ஆடுற கோச்சியில அந்தச் சின்னக் கக்கூசுக்கு நான் தனியப் போகேலாது. நீ நல்ல நித்திரை, எழுப்ப மனமில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "கிளாலியாலயும் இப்பிடித்தான் வந்தனான். எனக்குப் பழக்கம்" என்றா.

அம்மா 1993 இல் கிளாலிக் கடல் தாண்டி வந்தவ. இரவில் போட், பிறகு சைக்கிள், நடை, தாண்டிக்குளத்தில் வெயிலுக்குள் வரிசை. பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பு இல்லாத பாதை அது. முதல் நாளே தண்ணியை நிற்பாட்டிவிட்டுத்தான் பெண்கள் பயணம் வெளிக்கிடுவார்கள். ஆம்பிளையள் நாங்கள் அந்தப் பாதையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம், நானே இங்கே மூன்று பதிவு போட்டிருக்கிறேன். அதில் ஒன்றிலும் இந்தத் தண்ணிக் கதை இல்லை. எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை.

எங்கட சனம் பாக்காத கஷ்டமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்த்த சனம்தான், அதுதான் பிரச்சினையே. வலித்தாலும் வாய் திறக்காமல் இருக்கப் பழகின உடம்பு. அதைத் துணிவு என்று நாங்கள் மெச்சுகிறோம். அந்த மெச்சலில் எங்களுக்குக் காசும் மிச்சம், கரைச்சலும் மிச்சம். எழுபது வயது மனிசியை நாலு இரவு கதிரையில் இருத்துவதற்கு அவ பட்ட பாட்டையே நியாயமாகக் காட்டுவது எந்த ஊர் நீதி?

நீண்ட பயணம் விளையாட்டுமில்லை. நாலு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்து பயணம் செய்தால் காலின் நாளத்தில் இரத்தம் கட்டிபடும் ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பிளேனுக்கு மட்டுமில்லை, ரயில், பஸ், கார் எல்லாத்துக்கும் இது பொருந்தும். மொத்தத்தில் அது வருவது குறைவுதான், ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு என்ற அளவு. ஆனால் வயது, அண்மையில் செய்த ஒப்பரேசன், உடல் பருமன் எல்லாம் அதைக் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், நெஞ்சு நொந்தால், மூச்சு இழுத்தால், பயணத்தை விட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். அந்தப் பிலிப்பைன்ஸ் பிள்ளை எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது.

அதுக்குப் பிறகு நான் மணிக்கூட்டில் அலாரம் வைத்தேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி, பெட்டியின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் மட்டும் நடை. ஒவ்வொரு கதிரை முதுகையும் பிடித்துப் பிடித்துத்தான். இருக்கும்போது குதியை ஊன்றி விரலைத் தூக்குவது, விரலை ஊன்றிக் குதியைத் தூக்குவது. தண்ணி ஒரே மூச்சில் குடிக்காமல் மிடறு மிடறாக. கழிவறைக்கு நான் கூடப் போய் வாசலில் நிற்பேன். பெட்டி விழிக்க முதல் ஐந்து மணிக்கே பல்லுத் தீட்டி, நனைத்த துவாயால் உடம்பைத் துடைத்து, உடுப்பு மாற்றிவிட்டால் அன்றைய நாள் மனிசனாக இருக்கலாம். கதிரைப் பெட்டியில் குளிக்க இடம் கிடையாது. படுக்கைக்காரருக்கு உண்டு. நாலு இரவு ஓடும் ரயிலில் காசு கொடுத்தாவது ஒருக்கால் குளிக்க வழி வைக்கவேணும் என்பது என் கட்சி. இன்னொன்று, யன்னல் கண்ணாடி இரவில் குளிரும். தலகணியைக் கண்ணாடியில் சாய்க்காமல் இடையில் ஒரு தடித்த போர்வையை மடித்து வையுங்கள். அப்பாவின் பழைய சாரம் ஒன்றை அம்மா கொண்டு வந்திருந்தா. கண் மூட, கால் போர்க்க, திரை கட்ட, எல்லாத்துக்கும் அதுதான்.

பிந்துவதற்கும் மனதை ஆயத்தப்படுத்துங்கள். பாதையின் பெரும்பகுதி சரக்கு ரயில்காரருடையது, பல இடத்தில் ஒற்றைத் தண்டவாளம். சரக்கு ரயில் மூன்று கிலோமீற்றருக்கு மேலும் நீளும், பல ஒதுங்கு பாதைகளில் அது அடங்காது. ஆகவே ஆக்கள் ஏறின ரயில்தான் ஒதுங்கி வழி விடவேணும். மாத்திரை குளிசைகளைக் கணக்குப் பார்த்து மட்டுமட்டாக எடுக்காமல் இரண்டு மூன்று நாளுக்குக் கூடவே எடுங்கள். அதுவும் கைப்பையில். நேர வலயமும் மூன்று தரம் மாறும், பிறஷர் குளிசை போடும் ஆக்கள் கவனம்.

வினிபெக்கில் நீண்ட தரிப்பு. அம்மாவை இறக்கி மேடையில் நடக்கவிட்டேன். கால் வீக்கம் பாதி வற்றியிருந்தது. "கொப்பர் யாழ்தேவியில என்னை ஒருநாளும் அந்தக் கரையில இருத்தினதில்லை" என்றா திடீரென்று. எந்தக் கரை என்று கேட்டேன். நடைபாதைக் கரையாம். யன்னல்தான் நல்ல இடம் என்று அப்பா எப்பவும் யன்னலோடு இருத்திவிடுவாராம். அவரைத் தாண்டி எழும்பிப் போகக் கூச்சத்தில் கொழும்பு மட்டும் இருந்தபடியே வருவாவாம்.

நானும் ரொறன்ரோவில் அதைத்தான் செய்திருந்தேன். அம்மா காட்சி பார்க்கட்டும் என்று.

அந்திரட்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தியும் அம்மாவும் வாசலிலேயே கட்டிப்பிடித்துக் குழறினார்கள். மூன்று கிழமை கழித்துத் திரும்பி வரும்போது பெட்டிக்குள் ஏறினதும் அம்மா கைப்பையை நடைபாதைக் கதிரையில் வைத்துவிட்டு, என்னை உள்ளே போ என்று கையைக் காட்டினா.