பிடித்த வரியை மீட்பது எப்போது?

2025 ஏப்ரில் முதல் வைப்புப் பண வட்டியிற் பிடிக்கும் வரி நூற்றுக்கு 5 இலிருந்து 10 ஆயிற்று. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் வரிக்குரியவரல்லர். எனினும் வங்கி பிடித்துவிடுகிறது. முன்கூட்டியே பிரகடனம் கொடுத்திருக்கலாமே என்பர். கொடுக்கத் தெரியாத கமக்காரனின் பணம் அதனால் அரசுடைமை ஆகிவிடுமா?

மீளப்பெற மின்வழியில் விவரத்திரட்டுச் சமர்ப்பிக்கவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் பேரனைக்கொண்டு அதையும் செய்கிறார். அனுப்புவது நொடிப்பொழுது, காத்திருப்பதோ மாதக்கணக்கு! நாம் பிந்தினால் மாதத்துக்கு நூற்றுக்கு 1.5 வட்டி. அரசு பிந்தினால் அதே வட்டியைத் தருமா?

மீளளிப்புக்கு நாள் குறிக்கச் சட்டம் வேண்டும். அன்பர்களே, வங்கிச் சான்றிதழையும் சமர்ப்பித்த பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு இவ்வாரமே எழுதுங்கள்.