காலி நாற்காலிக்கு யார் காரணம்? மைதானமா, முதலாளியா?

ஒரு அணிக்கு ஆள் சேரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது மைதானம்தான். "இடம் சரியில்லை, கட்டிடம் பழசு, சுத்துப்பட்டில் ஒரு காப்பிக்கடை கூட இல்லை, அதான் ஜனம் வரலை" என்பார் முதலாளி. உடனே புது ஸ்டேடியம் கேட்பார். அதற்கு அரசாங்கப் பணமும் கேட்பார். கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிவிடுவார்.

அமெரிக்காவில் ஓக்லண்ட் நகரத்துக்கு இப்படித்தான் ஆச்சு.

57 வருஷம் அந்த ஊரில் ஆடிய 'அத்லெடிக்ஸ்' பேஸ்பால் அணி, 2024-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுக் கிளம்பிவிட்டது. அன்றைக்கு வந்த கூட்டம் 46 ஆயிரத்து 889. ஆள் வராத மைதானமாம்!

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் கிரிக்கெட் டெஸ்ட் மாதிரி எப்போதோ வருகிற திருவிழா அல்ல. ஒரு அணி சொந்த ஊரில் மட்டும் வருஷத்துக்கு 81 ஆட்டம் ஆடும். திங்கட்கிழமையும் ஆட்டம், செவ்வாய்க்கிழமையும் ஆட்டம். வேலை விட்டு வீட்டுக்குப் போகிறவன் வழியில் எட்டிப் பார்த்தால்தான் காலரி நிறையும்.

ஆகவே இடம் முக்கியம்தான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓக்லண்ட் விஷயத்தில் இடத்தின் மேல் பழி போட்டது அநியாயம் என்பதுதான் என் கட்சி.

ரெயிலை விட்டு இறங்கினால் வாசல்!

சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஓக்லண்ட். நடுவில் வளைகுடா. 'கொலீசியம்' என்ற ஸ்டேடியம் 1966-ல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே மின்சார ரெயில் நிலையம். ரெயிலை விட்டு இறங்கி நடைபாலத்தில் ஏறினால் ஸ்டேடியம் வந்துவிடும். ஒரு பக்கம் பெரிய நெடுஞ்சாலை. கார் நிறுத்த பரந்த திடல். விமான நிலையமும் தூரம் இல்லை.

இதைவிட வசதியான இடம் எத்தனை ஸ்டேடியத்துக்கு வாய்க்கும்?

குறை இல்லாமல் இல்லை. சுற்றிலும் தொழிற்சாலையும் கிட்டங்கியும்தான். ஆட்டம் முடிந்தால் உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் கிடையாது. 1995-ல் 'ரெய்டர்ஸ்' என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ஊருக்குத் திரும்பி வந்தபோது, அதற்காக வானம் முட்ட ஒரு கான்கிரீட் காலரியை எழுப்பினார்கள். பேஸ்பால் ரசிகன் கண்ணுக்குத் தெரிந்த பச்சை மலைகள் எல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால் போய்விட்டன.

2013-ல் சாக்கடை எதிர்த்து வந்து, வீரர்கள் உடை மாற்றும் அறையில் புகுந்தது. இரண்டு அணி வீரர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு அறைக்கு ஓடினார்கள். 2023-ல் வர்ணனையாளர் அறையில் பெருச்சாளி போன்ற ஒரு பிராணி குடியேறி, வெளியூர் டி.வி.க்காரர்கள் இடம் மாற வேண்டியதாயிற்று. சிரிப்பாய்ச் சிரித்தது ஊர்.

ஆனால் ஒரு கேள்வி. கட்டிடம் கெட்டதால் ஆள் வராமல் போனார்களா? ஆள் வருவதைப் பற்றி யாரும் கவலைப்படாததால் கட்டிடம் கெட்டுப் போயிற்றா?

653 பேர்!

பழைய கணக்கைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

1972, 1973, 1974 என்று மூன்று வருஷம் தொடர்ந்து இந்த அணிதான் அமெரிக்க சாம்பியன். மூன்றாவது கோப்பை வாங்கிய 1974-ல் வந்த மொத்தக் கூட்டம் எவ்வளவு தெரியுமா? 8 லட்சத்து 45 ஆயிரத்துச் சொச்சம். 81 ஆட்டத்துக்கு இது சொற்பம்.

சாம்பியனுக்கே கூட்டம் இல்லை. அப்போது கட்டிடம் புத்தம்புதுசு. எட்டு வயசுதான்!

அன்றைய முதலாளி சார்லி பின்லி. காசில் மகா கெட்டி. வீரர்களோடு சண்டை, லீக் தலைவரோடு சண்டை. நட்சத்திர வீரர்களை ஒவ்வொருவராக இழந்தார். அணியை டென்வர் நகரத்துக்கு விற்கவும் பேரம் பேசினார். "நாளைக்கு இருப்பானோ, போவானோ" என்கிற அணிக்கு எவன் டிக்கெட் வாங்குவான்?

1979-ல் 108 தோல்வி. அந்த வருஷம் முழுக்க வந்தவர்கள் 3 லட்சத்து 6 ஆயிரத்து 763 பேர். ஏப்ரல் 17-ந் தேதி ஆட்டத்துக்கு எண்ணிப் பார்த்தால் 653 பேர். கல்யாண வீட்டுப் பந்திக்குக்கூட இதைவிட அதிகம் வருவார்கள்.

1980-ல் அணி கை மாறியது. வாங்கியவர் வால்ட்டர் ஹாஸ். லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனிக் குடும்பத்துக்காரர். ஊர்க்காரர். "அணி இங்கேதான் இருக்கும்" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் மைதானத்துக்கு இழுத்தார்.

இப்போது சொல்லப் போவதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1982-ல் அந்த அணி 94 ஆட்டத்தில் தோற்றது. தோற்றுக் குப்புற விழுந்த வருஷம். வந்த கூட்டமோ 17 லட்சத்து 35 ஆயிரம்! கோப்பை வாங்கிய 1974-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

1989-ல் எதிர்க்கரை 'ஜயன்ட்ஸ்' அணியைத் தோற்கடித்து மறுபடியும் கோப்பை. பூகம்பம் வந்து பாதியில் தடைபட்ட அதே இறுதிப் போட்டித் தொடர்தான். 1990-ல் கூட்டம் 29 லட்சத்தைத் தொட்டது.

அதே இடம். அதே ரெயில். அதே நடைபாலம்.

இரண்டும் ஜவுளிக் குடும்பம்தான்!

2005-ல் இன்னொரு கூட்டணி வாங்கியது. அதில் முக்கியமானவர் ஜான் பிஷர். 'கேப்' ஆயத்த ஆடைக் கம்பெனி குடும்பத்து வாரிசு. முதலில் காப்பாற்றியவரும் துணிக் குடும்பம், பிற்பாடு கொண்டு போனவரும் துணிக் குடும்பம். விதியைப் பாருங்கள்!

2006-ல் மேல் காலரியில் தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். டிக்கெட் விற்க முயற்சி செய்வதைவிட நாற்காலியை மறைப்பது சுலபம்.

அதே வருஷம் "பிரிமான்ட் நகருக்குப் போகிறோம்" என்றார்கள். தமிழர்கள் உள்பட நம் நாட்டவர் ஏராளமாகக் குடியிருக்கும் ஊர் அது. அந்தத் திட்டம் 2009-ல் கைவிடப்பட்டது. பிறகு சான் ஓசே. "அது எங்கள் எல்லை" என்று ஜயன்ட்ஸ் மறித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 2015-ல் அங்கேயும் எடுபடவில்லை. 2017-ல் ஒரு கல்லூரிப் பக்கத்து நிலம். அதுவும் நடக்கவில்லை. 2018-ல் ஓக்லண்ட் துறைமுகத்து நிலம்.

அந்தத் துறைமுக நிலத்துக்கு மின்சார ரெயில் கிடையாது. பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு மைல் போல நடக்கணும். வழியில் சரக்கு ரெயில் குறுக்கே வரும். இடம் சரியில்லை என்று புலம்பியவர்கள் தேடிப் பிடித்த இடம் இது!

இப்படிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாக "போகிறோம், போகிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வருகிறவன் எப்படி வருவான்? வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறேன் என்று தினமும் சொன்னால், குடித்தனக்காரன் சுவருக்கு வெள்ளை அடிப்பானா?

2022-ல் நல்ல வீரர்களை எல்லாம் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். ஓல்சன் போனார், சாப்மன் போனார், மர்பி போனார். 2022-ல் 102 தோல்வி. 2023-ல் 112 தோல்வி. ஆட்டத்துக்குச் சராசரி பத்தாயிரத்துச் சொச்சம் பேர். "பாருங்கள், இந்த ஊரில் ஆளே இல்லை" என்றார்கள்.

'விற்றுவிடு!'

ஊர் சும்மா இருக்கவில்லை. 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. "இன்றைக்கு எல்லாரும் மைதானத்துக்கு வாங்க" என்று ரசிகர்களே கூப்பிட்டார்கள். 27 ஆயிரத்து 759 பேர் வந்துவிட்டார்கள். பச்சைப் பனியன். நெஞ்சில் ஒரே வார்த்தை, "விற்றுவிடு". ஆட்டம் முழுக்க அதையே கத்தினார்கள். ஜெயித்ததும் அன்றைக்கு அந்த அணிதான், 2-க்கு 1.

மறுநாளே நெவாடா மாநில சட்டசபை, லாஸ் வேகாசில் ஸ்டேடியம் கட்ட 38 கோடி டாலர் வரை அரசாங்கப் பணம் தரும் மசோதாவை நிறைவேற்றியது. நவம்பரில் மற்ற அணி முதலாளிகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கை தூக்கி விட்டார்கள்.

காலரி காலியாக இருந்தால் முதலாளிக்கு நஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். டி.வி. பணம் வருகிறது. பெரிய அணிகள் சிறிய அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பங்கும் லீக்கில் உண்டு. டிக்கெட் கவுண்டர் ஈயாடினாலும் கல்லா காலியாகாது. ஊர்க்காரன் காசு இல்லாமலே காலம் தள்ளலாம் என்றால் ஊர்க்காரனை யார் மதிப்பார்கள்?

இடமே காரணமான ஊரும் உண்டு. 'டாம்பா பே ரேஸ்' அணி 2023-ல் 99 ஆட்டம் ஜெயித்தது. அந்த வருஷம் சொந்த ஊரில் நடந்த முதல் நாக்-அவுட் ஆட்டத்துக்கு 20 ஆயிரம் பேர்கூட வரவில்லை. காரணம், ஸ்டேடியம் இருப்பது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். டாம்பாக்காரன் வேலை விட்டு, நெரிசலில் நீண்ட பாலம் தாண்டிப் போகணும். அங்கே முதலாளி இடத்தைக் குறை சொன்னால் நியாயம் இருக்கிறது.

சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியும் குளிர்காற்று அடிக்கிற 'கேண்டில்ஸ்டிக்' மைதானத்தில் 40 வருஷம் நடுங்கியது. 2000-ல் நகருக்குள்ளே, கடலோரமாகப் புது ஸ்டேடியத்துக்கு வந்தது. முந்தின வருஷம் 20 லட்சமாக இருந்த கூட்டம் 33 லட்சம் ஆயிற்று. அந்த ஸ்டேடியத்துக்குப் பெரும்பாலும் சொந்தப் பணமும் கடனும்தான் போட்டார்கள் என்பதையும் சொல்லணும்.

எந்த ஊரில் யார் சொல்வது உண்மை என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே மைதானத்தில், முதலாளி ஒழுங்காக நடத்தின காலத்தில் கூட்டம் வந்ததா என்று கேளுங்கள். ஓக்லண்டில் வந்தது.

பெயரில்லாத அணி!

இடம் மாறியதும் கூட்டம் பிய்த்துக்கொண்டதா? 2025 முதல் அந்த அணி தங்கியிருப்பது சேக்ரமென்டோவுக்கு அடுத்த மேற்கு சேக்ரமென்டோவில், இரண்டாம் தர லீக் மைதானத்தில். 14 ஆயிரம் பேர் கொள்ளும் அந்தச் சின்ன இடத்திலும், முதல் வருஷம் சராசரி பத்தாயிரத்தை எட்டவில்லை. கூரை இல்லாத மைதானம். கோடையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும்.

அணிக்கு இப்போது ஊர்ப் பெயரும் கிடையாது. வெறும் 'அத்லெடிக்ஸ்'. தங்க இடம் கொடுத்த ஊரின் பெயரைக்கூட முன்னால் போடவில்லை.

லாஸ் வேகாசில் 33 ஆயிரம் இருக்கையோடு 2028-ல் புது ஸ்டேடியம் திறப்பதாகத் திட்டம். முதலில் 150 கோடி டாலர் என்றார்கள். அப்புறம் 175 கோடி. பிறகு 200 கோடிக்கு வந்துவிட்டது. சூதாட்டம் ஆட வருகிற வெளியூர்க்காரனை நம்பிக் கட்டுகிறார்கள். அவன் தன் சொந்த ஊர் அணி வந்தால் எட்டிப் பார்ப்பான். மற்ற நாட்களில், நல்ல வெயிலில், செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு எவன் வருவான்?

ஓக்லண்டிலோ 'பாலர்ஸ்' என்று ஒரு புது அணி 2024-ல் முளைத்துவிட்டது. சின்ன லீக்தான். மேற்கு ஓக்லண்டில் ஒரு பழைய பொதுப் பூங்கா மைதானத்தைச் செப்பனிட்டு, காலரி போட்டு ஆடுகிறார்கள். அங்கேயும் சுற்றிலும் தொழிற்பேட்டை. ரெயில் நிலையமும் வாசலில் இல்லை. கொலீசியத்தோடு ஒப்பிட்டால் இடம் ஒரு படி கீழேதான். ஆனால் அணியின் பங்குகளை ரசிகர்களுக்கே விற்றிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம் வருது. 2025-ல் லீக் கோப்பையும் அவர்களுக்கே. 1989-க்குப் பிறகு அந்த ஊருக்கு வந்த முதல் பேஸ்பால் கோப்பை அது.