மாட்டுக்கொட்டாயில் கோழி

ஆண்டர்சன்பேட்டை வீட்டு மாட்டுக்கொட்டாய் ரொம்ப நாளா காலி. அதுல இருபது நாட்டுக்கோழி விடப்போறேன்னு அம்மா போன்ல சொன்னாங்க. "எதுக்கும்மா இந்த வயசுல? இடிச்சிட்டு ரூம் கட்டி வாடகைக்கு விடலாமே"ன்னேன்.

"யாருடா வர்றா? இருக்கிறதுங்களே விடியறதுக்குள்ள பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுது"ன்னாங்க. 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடினதுல இருந்து தங்கவயல் கதை அதுதானே.

நானும் கட்சி மாறிட்டேன் :-) இடிக்க வேண்டாம். ஆனா கொட்டாயை அப்படியே கோழிக்கு விட்டுடவும் கூடாது. மாட்டுக்குப் போட்ட கதவுச் சந்துல கீரி தாராளமா நுழையும். மெல்லிசு கோழிவலை அதுக்குத் தாங்காது. அரை இஞ்ச் வெல்டு மெஷ் வேணும், அதுவும் மண்ணுக்குள்ள ஒரு அடி இறங்கணும். கூரையோரமா காத்துக்கு வழி விடணும். இல்லேன்னா எச்சத்துல கிளம்புற அமோனியா கோழியோட கண்ணையும் மூச்சையும் கெடுக்கும்.

முக்கியமா தரை. பக்கத்துல சும்மா கிடக்குதேன்னு சயனைடு மேட்டு மண்ணைக் கொட்டிடாதீங்க. தங்கத்தைப் பிரிச்செடுத்த பிறகு மிஞ்சின கழிவு அது. கோழி கிளறிப் பொறுக்கித் தின்னும். அது போடற முட்டையைத் தின்னப்போறது நம்ம பிள்ளைங்க. தரைக்கு நெல் உமி போதும்.

கடல் கடந்து உக்காந்துக்கிட்டு "வேண்டாம்மா"ன்னு சொல்றது சுலபம். அதை விட வலைக்குக் காசு அனுப்பறது மேல். "காலையில கதவைத் திறந்தா ஓடி வர்றதுக்கு ஏதாச்சும் இருக்கட்டும்டா"ன்னாங்க அம்மா. அதுக்கு மேல என்ன பேச?

உங்க வீட்டுப் பெரியவங்க என்ன கேக்கறாங்க?