தட்டை எப்படி சார் மடிப்பது?

'அன்லிமிடெட்' என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவர் கணக்கில் புலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் பி.காம். பி.காம். படித்தவனுக்கு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, ஓட்டலில் உட்கார்ந்தால் முதலாளிக்கு என்ன மிஞ்சும் என்று யோசிக்கிற வியாதி மட்டும் கண்டிப்பாக வரும். போன ஜனவரியில் அகமதாபாத்தில் குஜராத்தி தாலி சாப்பிடப் போனபோது, நாக்கு ஒரு பக்கமும் மூளை ஒரு பக்கமுமாக ஓவர்டைம் பார்த்தன.

தாலி என்றதும் பதறாதீர்கள். அந்த ஊரில் தாலி என்றால் தட்டு. கல்யாணம் ஆகாதவர்கள்கூட தினம் ரெண்டு வேளை தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் மெனு கார்டு கிடையாது. இது பெரிய நிம்மதி. 'உனக்கு என்ன வேணும்?', 'நீங்க சொல்லுங்க', 'நீயே சொல்லேன்' என்று கால் மணி நேரம் ஓடுகிற குடும்பச் சண்டை மிச்சம். உட்கார்ந்ததும் செம்பும் கிண்ணியுமாக ஒருவர் வந்து இருந்த இடத்திலேயே கை கழுவ வைக்கிறார். பிறகு பெரிய தட்டு. அதற்குள் ஓரமாக வரிசையாகக் குட்டிக் கிண்ணங்கள். 'வாட்கி' என்கிறார்கள். அப்புறம் பரிமாறுகிறவர்கள் வரிசையாகப் படையெடுக்கிறார்கள். தொக்ளா, மைதாவை சுருட்டின மாதிரி தெரிந்தாலும் கடலை மாவும் மோரும் சேர்ந்த காண்ட்வி, சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டிய பாத்ரா. இதெல்லாம் 'ஃபர்சாண்'. ரெண்டு காய், ஒரு பயறு, பருப்பு, கடி, சுடச்சுட நெய் தடவிய ரொட்டி, பூரி, பாஜ்ரா ரொட்லா, அதன் தலையில் வெண்ணெய், பக்கத்தில் வெல்லம். குளிர்காலமாதலால் உந்தியு. மண்பானையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே நெருப்புப் போட்டு வேகவைக்கிற காய்கறிக் கலவை. 'உந்து' என்றாலே தலைகீழ்தானாம்.

நம் ஊர் சாப்பாடு அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். சாம்பார், ரசம், மோர். இவர்களிடம் சாதம் கடைசியில்தான் தலைகாட்டும். இனிப்பு முதலிலேயே வந்து தட்டில் உட்கார்ந்துவிடும். ஒரு கடி ஜிலேபி, ஒரு வாய் காய் என்று மாற்றி மாற்றி சாப்பிடுகிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். எவ்வளவு கேட்டாலும் போடுகிறானே, கட்டுப்படியாகுமா? ஆகும் சார். வாட்கியின் சைஸைப் பாருங்கள். நாலு ஸ்பூனில் நிரம்பிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுவதால் இலையில் வீணாவது குறைவு. கடலை மாவும் மோரும் ஆரம்பத்திலேயே வயிற்றில் பாதி இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகின்றன. ஆர்டருக்குக் காத்திருப்பது இல்லாததால் ஒரு மேஜை சீக்கிரம் காலியாகி அடுத்த ஆள் உட்காருகிறார். நாலு ரொட்டியோடு எழுந்துவிடுகிற அம்மாவின் காசில்தான் பதினாலு ரொட்டி சாப்பிடுகிற பையன் சாப்பிடுகிறான். இன்ஷூரன்ஸும் இதே தத்துவம்தான். என்ன, அங்கே நெய் கிடையாது.

நான் தனியாகப் போகவில்லை. கூட சித்தப்பா. 73 வயது. 1972-ல் வட ஆற்காட்டிலிருந்து அகமதாபாத் மில்லுக்கு வேலைக்குப் போனவர். 1861-ல் முதல் மில் ஓட ஆரம்பித்து, இந்தியாவின் மான்செஸ்டர் என்று பேர் வாங்கின ஊர் அது. மணிநகர் பக்கம் போனால் இன்றைக்கும் தமிழ் காதில் விழும். எண்பதுகளில் மில்கள் வரிசையாகக் கதவைச் சாத்தியபோது சித்தப்பாவின் மில்லும் சாத்தியது. அப்புறம் குடோன் ஒன்றில் கணக்கு எழுதியே ரெண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். மில் ஓடின காலத்தில் மாசம் ஒரு தடவை, சம்பள நாளன்று, ஷிஃப்ட் நண்பர்கள் நாலு பேரோடு தாலி சாப்பிடப் போவாராம். மில் மூடின பிறகு போகவே இல்லை. நான் கூப்பிட்டதும் சட்டையை அயர்ன் பண்ணச் சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், அவருக்குப் பன்னிரண்டு வருஷமாக சர்க்கரை. கிளம்பும்போது சித்தி என்னைத் தனியாக அழைத்து, "கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கோடா. ஸ்வீட் பக்கம் கை போகக் கூடாது" என்று செக்யூரிட்டி டூட்டி போட்டிருந்தாள்.

ஸ்வீட் பக்கம் கை போகாமல் தடுக்கலாம். பருப்பிலேயே வெல்லம் போடுகிற ஊரில் என்ன செய்ய? துவரம்பருப்பு, வேர்க்கடலை, கோகம் புளிப்பு, வெல்லம். கடியிலும் ஒரு இனிப்பு. ஊறுகாய் 'சுந்தோ', அதுவும் மாங்காயும் சர்க்கரையும். இதில் காவல் காப்பது கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் காப்பது மாதிரி.

வாழை இலையானால் மடித்துவிட்டால் பந்தி முடிந்தது. எவர்சில்வர் தட்டை எப்படி சார் மடிப்பது? தட்டின் மேல் ரெண்டு கையையும் விரித்து "பஸ், பஸ்" என்கிறேன். விரல் இடுக்கில் மோகன்தால் விழுகிறது.

சித்தப்பா மறுக்கவே இல்லை. பாசுந்தி வந்தது, வாங்கிக்கொண்டார். ஜிலேபி வந்தது, வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் அப்படியே என் தட்டுக்கு மாற்றினார்.

"என்ன சித்தப்பா?"

"வேணாம்னா அவன் நிறுத்திடுவான்டா. வந்துக்கிட்டே இருக்கறதுதான் தாலி. நீ சாப்பிடு, நான் பார்க்கறேன்."

பார்த்தார். ரொட்டியும் பாகற்காயும் மோருமாகத் தான் சாப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு கவளத்துக்கும் "பாசுந்தி கெட்டியா இருக்கா? ஜிலேபி மொறுமொறுனு இருக்கா?" என்று விசாரித்தார். "எங்க சூப்பர்வைசர் ஒருத்தர், பதினெட்டு ஜிலேபி. அதுக்கப்புறம் நைட் ஷிஃப்ட் வேற பார்த்தார்" என்றார். பருப்பை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார். என் டூட்டி லிஸ்டில் பருப்பு இல்லாததால் நான் தலையிடவில்லை.

வெளியே வரும்போது சோம்பு, எள், என்னென்னவோ கலந்த முக்வாஸை ஒரு பிடி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சித்திக்காம்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டர் வைத்தார்கள். சித்தப்பாவுக்கு 134. சித்தி மெஷினைத் தட்டிப் பார்த்தாள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். சித்தப்பா பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்டார். சித்தி என்னைப் பார்த்தாள். நேற்று ராத்திரியிலிருந்து நான் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பாள் போல.

"இப்படி வாடா" என்று என் விரலைப் பிடித்தாள்.